ஆர்சி-யில் இல்லாத இன்ஜின், கணக்கில் வராத கடன்



போன வாரம் ராசிபுரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வயசு 27. ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. பிடித்தமெல்லாம் போக கைக்கு வர்றது மாசம் 58,000. அவர் கேட்டது இதுதான்:

"அண்ணா, 2011 பதிவு ஸ்கோடா சூப்பர்ப் வி6 ஒண்ணு வருது. நாலு வீலுக்கும் பவர் போற வண்டி. இன்ஜின் சீஸ் ஆகி ரெண்டு வருஷமா ஷெட்ல நிக்குது. 2.75 லட்சம் கேக்குறாங்க. ஆக்ஸிடென்ட் ஆன ஆக்டேவியா ஆர்எஸ்-ல இருந்து டர்போ இன்ஜினை எடுத்து இதுல ஏத்திரலாம்னு ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்றார். அந்த வேலைக்கு 4.5 லட்சம். என்கிட்ட 3.25 லட்சம் இருக்கு. மீதி 4 லட்சம் பர்சனல் லோன் போடலாம்னு இருக்கேன். 14 பர்சென்ட், மூணு வருஷம். போடலாமா?"

வழக்கமா ஒரு சிஏ கிட்ட இப்படிக் கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். "கார் ஒரு டிப்ரிஷியேட்டிங் அசெட், அந்தக் காசை எஸ்ஐபி-ல போடு." நான் அதைச் சொல்லப் போறதில்லை. ஆசைக்குச் செலவு பண்றது தப்புன்னு நான் நினைக்கவும் இல்லை. சம்பாதிக்கிறதே அதுக்கும் சேர்த்துத்தான்.

இந்தத் திட்டத்துல பிரச்சினை அந்த 7.25 லட்சம் இல்லை. அந்தக் கணக்குக்குள்ள வராத ஒரு தொகை இருக்கு. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம்

இந்தக் கிறுக்கு எனக்கும் இருந்துச்சு. 2015-ல, சிஏ முடிச்சு கையில கொஞ்சம் காசு புழங்க ஆரம்பிச்ச நேரம், பழைய மிட்சுபிஷி லான்சர் ஒண்ணு வாங்கினேன். நம்ம திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிச்ச அதே லான்சர். 1.5 லிட்டர் பெட்ரோல், முன் வீல்ல மட்டும் பவர். அமைதியான வண்டி. ஆனா அதோட அண்ணன் முறை வண்டி லான்சர் எவல்யூஷன், 2 லிட்டர் டர்போ, நாலு வீலுக்கும் பவர், உலக ராலி சாம்பியன்ஷிப்பையே ஜெயிச்ச வண்டி. அந்த இன்ஜினை என் வண்டிக்குள்ள ஏத்தணும்னு ஆசை.

வெளியூர்ப் பட்டறை ஒண்ணுல, "ஜப்பான்ல இருந்து ஹாஃப் கட் வருது, இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் ஒண்ணா வந்துரும்"னு சொன்னாங்க. 90,000 அட்வான்ஸ் கொடுத்தேன். பில் கேக்கலை. ஆமாங்க, ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி பில் கேளுன்னு சொல்ற நான்தான் பில் கேக்கலை. இப்படிப்பட்ட பழைய உதிரிப் பொருளை வெளிநாட்டுல இருந்து கொண்டு வர தனி அனுமதி வேணும்ங்கிறதையும் நான் தேடிப் பார்க்கலை. ஹாஃப் கட் வரவே இல்லை. பழைய இன்ஜினை இறக்கி வெச்ச வண்டி, அப்பா வீட்டு வேப்பமரத்தடியில பதினாலு மாசம் நின்னுச்சு. கடைசியில பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தேன்.

அதனால, தம்பி, நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கலை.

இந்த ஆசை எங்கிருந்து வருது?

யூடியூப்ல இந்த மாதிரி வீடியோ நூத்துக்கணக்குல இருக்கு. அமெரிக்காவுலயோ ஆஸ்திரேலியாவுலயோ ஒருத்தர் பழைய சுபாரு லெகஸி செடான் வாங்குவார். அதுல ஏற்கெனவே நாலு வீலுக்கும் பவர் போகும். டர்போ மட்டும் இருக்காது. அதே குடும்பத்து இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ்-ல இருந்து டர்போ இன்ஜினை எடுத்து இதுல ஏத்துவார். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி பாக்ஸர் இன்ஜின். அதனால நிறைய பாகம் அப்படியே பொருந்தும். பத்து நிமிஷ வீடியோவுல வண்டி சீறிப் பாயும்.

நம்ம நாட்டுல சுபாரு தன் பேர்ல விற்பனைக்கு வந்ததே இல்லை. நாலு வீல் பவர் உள்ள பழைய செடான்னா சூப்பர்ப் வி6, சில ஆடி குவாட்ரோ, அப்புறம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வண்டிதான். அதனாலதான் அந்த சூப்பர்ப் மேல தம்பிக்குக் கண்ணு.

அந்த வண்டியில கம்பெனி வெச்சது 3597 சிசி, ஆறு சிலிண்டர், 260 பிஎஸ். அதுக்குள்ள போகப்போறது 1984 சிசி, நாலு சிலிண்டர் டர்போ. வி6-க்குன்னு வந்த கியர்பாக்ஸ் வாய் இந்த நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு அப்படியே உட்காராது. மவுன்ட் மாத்தணும். இன்டர்கூலருக்கு இடம் பண்ணணும். பின் வீலுக்கு எப்போ எவ்வளவு பவர் போகணும்னு முடிவு பண்ற கன்ட்ரோல் யூனிட், ஏபிஎஸ், இன்ஜின் ஈசியூ, சாவியில இருக்கிற இம்மொபிலைசர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசணும். பேசலைன்னா நாலு வீல் வண்டி ரெண்டு வீல் வண்டி ஆயிரும், இல்லன்னா ஸ்டார்ட்டே ஆகாது. 4.5 லட்சம் கொட்டேஷன்ல இதெல்லாம் தனித்தனியா எழுதியிருக்கான்னு கேட்டேன். "மொத்தமா சொன்னாருங்ணா"ன்னார்.

மொத்தமா சொல்ற கொட்டேஷன் ஏறத்தான் செய்யும், இறங்காது. இது கார் வேலைக்கு மட்டுமில்லை, வீடு கட்டுறதுக்கும் பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியுற கணக்கு

4 லட்சம் லோன், 14 சதவீதம், 36 மாசம். இஎம்ஐ சுமார் 13,670. மொத்தமா திருப்பிக் கட்டுறது 4.92 லட்சம். வட்டி மட்டும் 92,000-க்கு மேல. அப்போ வண்டியோட உண்மையான விலை 7.25 இல்லை, 8.17 லட்சம். கொட்டேஷன் ஒரு ரூபா கூட ஏறாம இருந்தா.

58,000 சம்பளத்துல இஎம்ஐ கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. அதோட சேர்த்து, கையில இருந்த 3.25 லட்சமும் காலி. அது அஞ்சரை மாசச் சம்பளம். அதாவது தம்பியோட எமர்ஜென்சி ஃபண்ட் அதுதான். நாளைக்கு வேலை போனா வித்து எடுக்கக்கூடிய வண்டியும் இல்லை இது. ஏன்னு அடுத்து சொல்றேன்.

இருந்தாலும், இதுவரைக்கும் இது ஒரு காஸ்ட்லி ஆசை, அவ்வளவுதான். தெரிஞ்சே பண்ணா நான் தடுக்க மாட்டேன்.

பேப்பர்ல இருக்கிற வண்டி வேற, ரோட்ல ஓடுற வண்டி வேற

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. சுருக்கமா: கம்பெனி முதல்ல குறிப்பிட்டதுக்கும் ஆர்சி-யில இருக்கிற விவரத்துக்கும் முரண்படுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாச் சொல்லிருச்சு.

விதிவிலக்கு இருக்கு. இன்ஜின் போயிருச்சுன்னா அதே மாடல், அதே வகை இன்ஜினை ஆர்டிஓ அனுமதியோட மாத்தலாம். அனுமதி பெற்ற கிட் வெச்சு சிஎன்ஜி-க்கு மாத்தலாம். ஆனா ஆறு சிலிண்டரை நாலாக்கி, 3597-ஐ 1984 ஆக்கி, டர்போ சேர்க்கிறதுக்கு இதுல இடமில்லை. "சிசி குறையத்தானே செய்யுது, அப்புறம் என்ன?"ன்னு தம்பி கேட்டார். நல்ல கேள்விதான். ஆனா சட்டம் கூடுதா குறையுதான்னு பார்க்கலை. ஒத்துப் போகுதான்னுதான் பார்க்குது.

2019 திருத்தத்துக்கு அப்புறம் பிரிவு 182ஏ-ல தண்டனையும் இருக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ரெண்டும். "அஞ்சாயிரம்தானே, பார்த்துக்கலாம்"னு பல பேர் நினைக்கிறது இந்த இடத்துலதான்.

சரி, பார்த்துக்கலாம்னே வெச்சுக்குவோம். 2011 பதிவு வண்டிக்கு 2026-ல 15 வருஷம் முடியுது. ஆர்சி-யைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு இந்தக் கட்டணமே 5,000 ரூபா. காசைக் கட்டினா மட்டும் போதாது, வண்டியை நேர்ல கொண்டு போய்க் காட்டணும். சேஸிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுப்பாங்க, இன்ஜின் நம்பரைப் பார்ப்பாங்க. அங்க என்ன காட்டுவீங்க? அந்த ஆர்எஸ் இன்ஜின் நம்பர் இன்னும் வேறொருத்தர் ஆர்சி-யில உயிரோட இருந்தா, அதுக்கு என்ன பதில் சொல்வீங்க?

புதுப்பிக்கலைன்னா ரோட்ல ஓட்ட முடியாது. பேர் மாத்தி விக்கவும் முடியாது. 8 லட்சம் போட்ட வண்டி, ஷெட்ல நிக்கிற இரும்பு. என் லான்சர் மாதிரியே. ஆனா பத்து மடங்கு விலையில.

கணக்கில் வராத தொகை

ஒரு கம்பெனி பேலன்ஸ் ஷீட்டை ஆடிட் பண்ணும்போது நாங்க சொத்து, கடன் ரெண்டையும் பார்த்துட்டு நிறுத்த மாட்டோம். கடைசியில நோட்ஸ்ல ஒரு தலைப்பு இருக்கும், கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி. இன்னைக்குக் கடன் இல்லை. ஆனா ஒண்ணு நடந்தா கடனா மாறும். நல்லா இருந்த கம்பெனிகள் கவிழ்றதுக்கு பல நேரம் அந்த நோட்ஸ்ல இருந்த ஒரு வரிதான் காரணமா இருக்கும்.

இன்ஜின் மாத்தின காரும் அப்படித்தான். அதோட கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ்ல ஒளிஞ்சிருக்கு.

நீங்க பிரீமியம் கட்டினது 3597 சிசி சூப்பர்ப்புக்கு. ஓடுறது வேற வண்டி. இன்ஷூரன்ஸ் ஒப்பந்தமே முழு நேர்மைங்கிற அடிப்படையில நிக்குது. முக்கியமான மாற்றத்தைச் சொல்லலைன்னா உங்க வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை நிராகரிக்க கம்பெனிக்குக் காரணம் கிடைச்சிருச்சு. அது போனாலும் போகட்டும், வண்டிதானே.

ஆனா எதிர்ல ஒரு மனுஷன் வந்தா?

சேலத்துல இருந்து நாமக்கல் போற ரோட்ல, ராத்திரி, பைக்ல வர்ற ஒருத்தர். வயசு 30. மாசம் 25,000 சம்பளம். வீட்ல மனைவி, ஒரு குழந்தை, அம்மா. நடக்கக் கூடாது, நடந்துருச்சுன்னு வெச்சுக்குவோம். நீதிமன்றம் இழப்பீட்டை எப்படிக் கணக்குப் போடும்னு பாருங்க. இதுக்கு ஒரு முறை இருக்கு. 2009-லயும் 2017-லயும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது.

25,000-த்தோட எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தா 35,000. வருஷத்துக்கு 4.2 லட்சம். அவரோட சொந்தச் செலவுக்குன்னு மூணுல ஒரு பங்கைக் கழிச்சா 2.8 லட்சம். 30 வயசுக்குப் பெருக்கி 17. மொத்தம் 47.6 லட்சம். இறுதிச் சடங்கு மாதிரி மத்த தலைப்புகளும் வட்டியும் தனி.

சாதாரணமா இதை உங்க தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டிரும். அதுக்காகத்தான் அது கட்டாயம். இன்ஜின் மாத்தினா கம்பெனி கட்டாயம் தப்பிச்சிரும்னு நான் சொல்ல வரலை. பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ முக்கியமான விஷயத்தை மறைச்சதா நிரூபிக்கிற வேலை அவங்களோடது. சில வழக்குகள்ல நீதிமன்றம், "முதல்ல குடும்பத்துக்குக் கொடு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ"ன்னு சொல்லும். அப்போ அந்த ஓனர் நீங்க. உங்க சம்பளம், அப்பா உங்க பேர்ல எழுதின நிலம், வாங்கப்போற வீடு, எல்லாம் அந்த வசூலுக்கு உட்பட்டது.

இது நடக்க வாய்ப்பு குறைவு. ஒத்துக்கிறேன். ஆனா 58,000 சம்பளக்காரர், 48 லட்சம் ரூபாய்க்கான சண்டையில, எதிராளி வக்கீல் கையில தானே ஒரு ஆயுதத்தைக் கொடுத்துட்டு நிக்கணுமா? 5,000 அபராதத்தை வெச்சு ரிஸ்க்கை அளக்குறவங்க இந்த வரியைப் படிக்கவே இல்லை.

"நம்ம ஊர்ல லாரிக்கே பண்றாங்களே?"

இதுதான் தம்பியோட கடைசி வாதம். இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் இந்த நம்பிக்கை இருக்கும், எனக்கும் இருந்துச்சு. நாமக்கல்ல கட்டுற லாரி பாடியும் டேங்கரும் நாடு பூரா ஓடுது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை. லேத், வெல்டிங், டர்போ சர்வீஸ் எதுக்கும் நாம வெளியூர் போகத் தேவையில்லை. இவங்களால ஒரு காருக்கு இன்ஜின் மாத்த முடியாதா? தாராளமா முடியும். திறமையில எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனா எங்க அப்பா ஒத்தை லாரி வெச்சு எங்களைப் படிக்க வெச்சவர். அவர் வண்டிக்கு ஒரு தடவை இன்ஜின் மாத்தினோம். அதே மாடல் இன்ஜின்தான். வண்டி பட்டறையில இருக்கும்போதே பில்லை வாங்கி, ஆர்டிஓ ஆபீஸ் போய், ஆர்சி புக்ல புது இன்ஜின் நம்பரை ஏத்தினதுக்கு அப்புறம்தான் லோடு எடுத்தார். எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு இருக்கும். "ஒரு நம்பருக்கு எதுக்குப்பா மூணு நாள் வாடகையை விடறீங்க?"ன்னு கேட்டேன். "நாளைக்கு வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா வண்டி பேசாது கண்ணு, புக்குதான் பேசும்"னார்.

எஃப்சி, பர்மிட், டேக்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் அடிப்படை அந்த புக்குதான்னு லாரிக்காரங்களுக்குத் தெரியும். அவங்க கையோட திறமையை மட்டும் பார்த்துட்டு, அவங்க பேப்பர் மேல வெச்சிருக்கிற பயத்தை நாம பார்க்காம விட்டுட்டோம்.

ஒண்ணு சொல்லணும். இந்தச் சட்டத்துல எனக்கும் வருத்தம் உண்டு. பிரிட்டன்ல இன்ஜினை மாத்தினா அங்கத்துப் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லி ஆவணத்துல ஏத்திக்கலாம். ஜெர்மனியில பரிசோதனை பண்ணி ஒத்துக்கிட்டா சட்டப்படி ஓட்டலாம். ஆஸ்திரேலியாவுல அதுக்குன்னு அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர் சான்றிதழ் கொடுப்பார். நீங்க பார்க்கிற வீடியோவுல இந்தப் பகுதி வராது, ஏன்னா அதுக்கு வியூஸ் வராது. நம்ம நாட்டுலயும் அப்படி ஒரு வழி வந்தா முதல்ல வேலை பெருகுறது நம்ம சேலம், நாமக்கல் பட்டறைகள்லதான். வரணும்னு நான் ஆசைப்படுறேன். ஆனா வந்ததா நினைச்சுக்கிட்டு இன்னைக்கே வண்டியை இறக்க முடியாது.

அப்போ ஆசையை என்ன பண்றது?

மூணு வழி சொல்றேன்.

ஒண்ணு, கம்பெனியே டர்போ போட்டுக் கொடுத்த வண்டியை வாங்குங்க. பழைய ஆக்டேவியா, லாரா 1.8 டிஎஸ்ஐ, வென்டோ டிஎஸ்ஐ எல்லாம் பழைய மார்க்கெட்ல கிடைக்குது. நாலு வீல் பவர் இருக்காது. ஆனா ஆர்சி-யும் வண்டியும் ஒரே கதையைச் சொல்லும். வாங்குற விலையில மூணுல ஒரு பங்கை ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டு வாங்குங்க.

ரெண்டு, வேகம்தான் வேணும்னா அதுக்குன்னு கட்டின இடம் பக்கத்துலயே இருக்கு. கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. நம்ம ஊர்ல இருந்து காலையில கிளம்பினா டிபன் நேரத்துக்குப் போயிரலாம். முறையான ரேஸ் பயிற்சிக்குப் போனா, சாதாரண மாருதி இன்ஜின் வெச்ச ஃபார்முலா எல்ஜிபி வண்டியே உங்களுக்கு வியர்வையை வர வெச்சிரும். ஆனா உங்க ரோடு கார் பாலிசி ரேஸுக்கு செல்லாது. அதையும் சொல்லிடுறேன்.

மூணு, இன்ஜின் மாத்துறதுதான் சந்தோஷம், கையில கிரீஸ் படணும்னா, அதை டிராக்குக்கு மட்டும்னு கட்டுங்க. ஆர்சி-யை முறையா ரத்து பண்ணிட்டு, ரோட்ல ஒரு அடி கூட ஓட்டாம, ரெக்கவரி வண்டியில ஏத்திட்டுப் போங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் பில் வாங்குங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க, லோன் போடாதீங்க. மாசம் 10,000 தனி அக்கவுன்ட்ல போட்டீங்கன்னா மூணு வருஷத்துல 3.6 லட்சம். மூணு வருஷம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா அது உண்மையான ஆசை. அப்போ நானே வந்து ஸ்பேனர் பிடிக்கிறேன்.

தம்பிக்கு இதையெல்லாம் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "48 லட்சம் கணக்கை மட்டும் எழுதி அனுப்புங்ணா, அந்த மெக்கானிக் அண்ணன்கிட்டயும் காட்டணும்"னார். அனுப்பிட்டேன். அதையேதான் உங்களுக்காக இங்க விரிச்சு எழுதியிருக்கேன்.

உங்க வண்டியில ஏற்கெனவே ஏதாவது மாத்தியிருந்தீங்கன்னா இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. ஆர்சி, இன்ஷூரன்ஸ் பாலிசி ரெண்டையும் எடுத்து வண்டிக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. மூணும் ஒரே வண்டியைத்தான் சொல்லுதான்னு சரிபாருங்க. சொல்லலைன்னா, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு அப்புறம் சாவியை எடுங்க.

அடுத்த வீடியோவுல சந்திப்போம்.